கங்காணி வீட்டுத் தட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை மாரியம்மன் கோயில் முன்னால் இருந்தவர்கள் ஆறே பேர். ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி, அவருடைய மனைவி ஜெயலெட்சுமி, கோயில் கமிட்டிச் செயலாளரும் லயத்தின் ஒரே ஆட்டோக்காரனுமான யோகேஸ்வரன், அவன் மனைவி பிரியந்தி, இரண்டாம் வீட்டு நாகலெட்சுமி, பத்தாம் வீட்டுக் காளியாயி. ஏழாவதாக ஒரு ஆள் கிடையாது. தானும் அங்கே நின்றதாகவும் தன் காதாலேயே கேட்டதாகவும் பிற்பாடு சொன்னவர்களைச் சேர்த்தால் பாதித் தோட்டம் தேறும். அவர்களெல்லாம் அந்த நேரத்தில் அவரவர் வீட்டில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்கள்.

மஸ்கெலியாவுக்கு மேலே, நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இருக்கும் தேயிலைத் தோட்டத்து மேல் பிரிவில், பத்து வீடுகள் ஒரே வரிசையாய் ஒட்டி நிற்கும் லயம் ஒன்றுதான். தீபாவளி அன்று அந்தப் பத்து வீடுகளும் ஒன்றுக்கொன்று பலகாரத் தட்டு அனுப்பிக்கொள்ளும். ஒரு வீட்டிலிருந்து ஒன்பது தட்டு போகும், ஒன்பது தட்டு வரும். முதல் தட்டு முதல் வீட்டிலிருந்துதான் கிளம்பவேண்டும். அது கிளம்பாமல் வேறு எந்தத் தட்டும் அசையாது. முதல் வீடு என்பது கங்காணி வீடு. கணேசமூர்த்தியின் அப்பா அந்தப் பிரிவில் கங்காணியாக இருந்தவர். கணேசமூர்த்தி படித்துக் கணக்கப்பிள்ளையாகி, தோட்டத்துக் குவாட்டர்ஸில் முப்பது வருஷம் இருந்து, ஓய்வு பெற்றதும் அப்பாவின் வீட்டுக்கே திரும்பி வந்தார். வீட்டுக்கு இருந்த பெயரும் அப்படியே இருந்தது. அதற்குரிய மரியாதையும் இருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம்.

தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. யோகேஸ்வரன் தொண்டையைச் செருமினான்.

“ஐயா, கோவிச்சுக்கப்படாது. எல்லாரும் சொல்லத்தான் சொல்றேன். இந்த வருஷம் தட்டு மாத்துறத நிப்பாட்டிருவமா? அவங்கவங்க முடிஞ்சதச் செஞ்சு அவங்கவங்க வீட்டோட சாப்பிடட்டும்.”

“எல்லாரும்னா யாரு?” என்றார் கணேசமூர்த்தி.

“எல்லாருந்தாங்க ஐயா.”

“பேரச் சொல்லு.”

யோகேஸ்வரன் பிரியந்தியைப் பார்த்தான். நாகலெட்சுமி கோயில் மணியைப் பார்த்தாள். பிரியந்தி தன் செருப்பைப் பார்த்தாள். காளியாயி மட்டும், எண்பது வயதுக்கு மேல் யாருக்காகவும் கூச்சப்பட வேண்டியதில்லை என்பதுபோல, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

“எண்ணெ விக்கிற வெலையில முறுக்கு எங்குட்டுச் சுடுறது மூர்த்தி? கடைக்குப் போயி போத்தல மோந்து பாத்துட்டு வந்துரலாம்.”

“வெல ஏறுறது இன்னக்கி நேத்தா நடக்குது அக்கா? எழுபத்திநாலுல கடையில மாவும் கெடையாது, அரிசியும் கெடையாது. சனம் கெழங்கத் தோண்டித் தின்னு உசுரு பொழைச்சுச்சு. அந்தத் தீவாளிக்கும் எங்கம்மா தட்டு அனுப்புனாங்க. நான்தான் தூக்கிட்டுப் போனேன். ஒங்க வீட்டுக்கும் கொண்டாந்து குடுத்தேன். இல்லனு சொல்லுங்க பாப்போம்.”

காளியாயி இல்லையென்று சொல்லவில்லை. வெற்றிலை மெல்வதை மட்டும் நிறுத்தினார்.

“என் வீட்டுத் தட்டு போகும்,” என்றார் கணேசமூர்த்தி. “ஒம்பது வீட்டுக்கும் போகும். எங்க அடுப்புல சுட்டதுதான் போகும். முடியாதவங்க அனுப்ப வேணாம். யாரையும் நான் கொற சொல்லமாட்டேன்.”

பேச்சு அத்தோடு முடிந்தது. கங்காணி வீட்டுத் தட்டு வாசலுக்கு வந்துவிட்டால் அதை வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுக்க அந்த லயத்தில் எந்தப் பெண்ணுக்கும் கை வராது. ஒரு வீடு அனுப்பினால் பத்து வீடும் அனுப்பித்தான் ஆகவேண்டும். அது சொன்னவருக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். பிரியந்தி விட்ட பெருமூச்சு கற்பூரத் தட்டு வரை போனது.

வீடு திரும்பி, வாசலில் காலைக் கழுவிய பிறகுதான் ஜெயலெட்சுமி வாயைத் திறந்தாள்.

“ஒம்பது வீட்டுக்கும்னு சொல்லிட்டீங்க.”

“சொல்லிட்டேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.”

“இதுல கேக்க என்னா இருக்கு? வருஷா வருஷம் போறதுதானே.”

“வருஷா வருஷம் எண்ணெயுந்தானே வந்துச்சு,” என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குள் போனாள்.

வரிசைகளின் காலம் முடிந்திருந்தது. காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் பனியில் போய் நின்ற வருஷம் கடந்து, இப்போது கடைகளில் எல்லாம் இருந்தன. வாங்கத்தான் யோசிக்கவேண்டியிருந்தது. கொழும்பில் வேலை பார்க்கும் மகன் நிரஞ்சன் மாதா மாதம் அனுப்புவது அதே தொகைதான். அது வாங்கி வரும் பைதான் மாதத்துக்கு மாதம் சிறுத்தது. காஸ் சிலிண்டர் குசினி மூலையில் துணி போர்த்திக்கொண்டு நின்றது. விருந்தாளி வந்தால் மட்டும் அதை எழுப்புவார்கள். மற்ற நாளெல்லாம் கவ்வாத்தில் வெட்டி விழுந்த தேயிலை மிலாறுக் குச்சிதான் விறகு. தேங்காயில் ஒரு பாதி இன்றைக்குச் சம்பல், மறு பாதி நாளைக்குக் குழம்பு, சிரட்டை அடுப்புக்கு. தேய்ந்த சவர்க்காரத் துண்டைப் புதுக்கட்டியோடு ஒட்டவைப்பாள். பருப்பில் தண்ணீர் கூடிக்கொண்டே போனது. கணேசமூர்த்தி உள்ளங்கையில் துளி சீனி வைத்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தார். பால் நெஞ்சைக் கட்டுகிறது என்று காரணம் சொன்னார். அவருக்குப் பால் எந்தக் காலத்திலும் நெஞ்சைக் கட்டியதில்லை.

வீட்டுக்குள் எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் அவர் முகம் சுளித்ததில்லை. அது வாசலைத் தாண்டி வெளியே தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

அவருடைய அம்மாவின் காலத்துத் தீபாவளி வேறு மாதிரி. சம்பள நாளன்று அப்பா ஹட்டனுக்குப் போய் ஒரு தகரம் தேங்காயெண்ணெயோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். மூன்று நாள் அடுப்பு அணையாது. கருப்பட்டிப் பாகும் ஏலக்காயும் காய்ந்த எண்ணெயும் கலந்த வாசனை லயத்தைத் தாண்டி மலைக்கு ஏறும். மேலே கொழுந்தெடுக்கும் பெண்கள் நிமிர்ந்து மூக்கை உறிஞ்சி, “கங்காணி வீட்டுல தொடங்கியாச்சுடி” என்பார்கள். நீல விளிம்பு வைத்த பீங்கான் தட்டுகள் ஒன்பதையும் அம்மா சாம்பல் போட்டு விளக்கி, வெயில் இருந்தால் வெயிலிலும் இல்லாவிட்டால் அடுப்பு ஓரத்திலும் காயவைப்பார். ஒவ்வொரு தட்டின் மேலும் ஒரு வெள்ளைத் துணி. அந்தத் தட்டைக் கையில் ஏந்தி லயத்தின் நெடுக நடக்கும்போது, சின்னப் பையனாயிருந்த கணேசமூர்த்திக்கு முதுகு தானாக நிமிரும். அந்த முதுகு பிறகு வளையவே இல்லை.

எழுபத்திநாலில் அவருக்குப் பதினைந்து வயது. அந்த வருஷமும் தட்டு போனது. ஒன்பது அல்ல, இரண்டு மூன்று தட்டுத்தான் இருக்கும். துணியின் நான்கு முனையையும் தட்டுக்கடியில் இறுக்கி முடிச்சுப் போட்டு, “அவுக்காம கொண்டுபோயிக் குடுய்யா” என்று அம்மா சொன்னது இன்னமும் காதில் இருந்தது. ஊரே பட்டினி கிடந்தபோதும் தன் வீட்டுத் தட்டு நடந்தது என்ற நினைப்பைத்தான் ஐம்பது வருஷமாக அவர் நெஞ்சுக்குள் பத்திரமாக வைத்திருந்தார். கோயில் முன்னால் எடுத்துக் காட்டியதும் அதைத்தான்.

மறுநாளிலிருந்து அவர் பத்திரிகை வாங்குவதை நிறுத்தினார். மஸ்கெலியாவுக்குப் போக வேண்டியிருந்தபோது பஸ்ஸை விட்டுவிட்டுக் குறுக்குப் பாதையில் நடந்தார். கேட்டவர்களிடம் காலுக்கு நல்லது என்றார். தீபாவளிக்கு மூன்று நாள் முந்தி ஒரு மழை நாளில், கோட்டுக்குள் அணைத்துப் பிடித்தபடி ஒரு போத்தல் தேங்காயெண்ணெயுடன் வந்து சேர்ந்தார். அதைக் குசினி மேசையில் வைத்தபோது, அப்பா தகரத்தை இறக்கி வைத்த அதே தோரணை அவர் கையில் இருந்தது.

ஜெயலெட்சுமி போத்தலைப் பார்த்தாள். நனைந்த கோட்டைப் பார்த்தாள்.

“பத்துமா?” என்று கேட்டார்.

“பத்தவைக்கிறேன்,” என்றாள்.

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. கணக்கப்பிள்ளையாக மலையை ஏக்கர் ஏக்கராகப் பிரித்து ஆள் போட்டவருக்கு, ஒரு போத்தல் எண்ணெய் ஒரு வீட்டில் எத்தனை நாள் உழைக்கவேண்டும் என்பது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

சீனியைத் தொடமுடியாத விலை. நோட்டன் பிரிட்ஜில் இருக்கும் ஜெயலெட்சுமியின் அண்ணன் வடிவேல், வாழைச் சருகில் சுற்றிக் கித்துள் கருப்பட்டி கொடுத்தனுப்பியிருந்தார். அந்தப் பாகில் ஜெயலெட்சுமி அதிரச மாவைப் பிசைந்தாள். எண்ணெயிலிருந்து எடுத்தபோது அதிரசம் கன்னங்கரேலென்று இருந்தது.

“என்னா இது, அடுப்புக்கரி மாதிரி?”

“கித்துள் கருப்பட்டினா அப்படித்தாங்க வரும். வாயில போட்டுட்டுப் பேசுங்க.”

வாயில் போட்டார். புகை வாசனை கலந்த இனிப்பு. இன்னொன்று எடுக்கக் கை நீண்டது. கங்காணி வீட்டுத் தட்டுக்குக் குறையக்கூடாது என்று மடக்கிக்கொண்டார். இந்த நிறத்தில் அதிரசம் வேறு எந்த வீட்டிலும் இருக்கப்போவதில்லை என்று நினைத்தபோது அவருக்குப் பெருமையாகவே இருந்தது.

தீபாவளியன்று மழை தூறிக்கொண்டே இருந்தது. தலைக்கு எண்ணெய் என்று ஜெயலெட்சுமி விரல் நுனியில் தொட்டு வைத்தாள். கோயில் பூசை முடிந்து வந்ததும், துணி மூடிய முதல் தட்டை எடுத்துக்கொண்டு இரண்டாம் வீட்டு நாகலெட்சுமியிடம் போனாள். கணேசமூர்த்தி வெள்ளை வேட்டியும் பழைய கறுப்புக் கோட்டும் போட்டு, இஸ்தோப்பில் நாற்காலி போட்டு அமர்ந்தார். லயத்தின் நெடுக வீட்டுக்கு வீடு அந்தச் சின்ன முன்வாசல் உண்டு. அங்கே உட்கார்ந்தால் எல்லாத் தட்டும் கண்ணில் படும்.

தட்டுகள் நடந்தன. பெண்கள் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு தூறலில் குறுக்கும் நெடுக்கும் போனார்கள். “வாங்க அண்ணி”, “இந்தாங்க மதினி”, “எதுக்குடி இவ்வளவு” என்ற சத்தம். தன் வீட்டிலிருந்து ஒன்பது தட்டுப் போவதை அவர் பார்த்தார். வந்த தட்டுகளையும் பார்த்தார். முறுக்கு வந்தது. பயத்தம் உருண்டை வந்தது. மறுபடி முறுக்கு வந்தது.

“எல்லா வீட்டு முறுக்கும் ஒரே அச்சுல புழிஞ்ச மாதிரி இருக்கே,” என்றார்.

“ஒரே கடையில வாங்குன அச்சா இருக்கும்,” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

மத்தியானம் சாய்ந்த பிறகு, கடைசித் தட்டைக் காளியாயியே கம்பூன்றிக் கொண்டுவந்தார்.

“மூர்த்தி, ஒங் கையிலதான் குடுக்கணும்னு வந்தேன். பல்லு போனாலும் பக்குவம் போகல. நானே சுட்டது. கறுப்பா இருக்கேனு பாக்காத.”

கணேசமூர்த்தி துணியை விலக்கினார். ஏழு அதிரசம். கன்னங்கரேலென்று.

ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு கேட்டார்: “இந்த நெறம் எப்படிக்கா வந்துச்சு?”

“அதுவா? பாகு பதம். எல்லாருக்கும் கைகூடாது,” என்று சொல்லிவிட்டுக் காளியாயி திரும்பி நடந்தார்.

“லெட்சுமி,” என்று கூப்பிட்டார்.

ஜெயலெட்சுமி ஈரக் கையோடு வந்தாள். தட்டைப் பார்த்தாள். அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

“இது நம்ம வீட்டுது.”

“ஆமாங்க.”

“ஒம்பது தட்டுலயும் இதத்தானே வச்ச?”

“ஒரு தட்டுலதான். நாகலெட்சுமிக்குக் குடுத்ததுல. அவ முறுக்குத் தந்தா, அத மூணாம் வீட்டுக்கு வச்சேன். மூணாம் வீட்டுல தந்தத நாலாம் வீட்டுக்கு வச்சேன். அப்படியே கடைசி வரைக்கும்.”

“அந்த எண்ணெ?”

“கால் போத்தலுக்குச் சுட்டேன். மிச்சத்த எடுத்து வச்சிட்டேன். மாசி வரைக்கும் தாளிக்க அதுதாங்க இருக்கு. தீவாளி ஒரு நாளுல போயிரும். நாளைக்கும் ஒல வைக்கணும்ல.”

“கோயில் முன்னால நான் என்னா சொன்னேன்? எங்க அடுப்புல சுட்டதுதான் போகும்னு சொன்னேன்.”

“நீங்க சொன்னீங்க. நான் சொல்லலயே.”

அவள் மறுபடி தட்டைப் பார்த்தாள். உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“ஒம்பது வீடு சுத்திட்டு வந்திருக்குங்க. ஏழுல ஒண்ணு கொறையல. ஒருத்தரும் வாயில வைக்காம மாத்தி மாத்தி அனுப்பியிருக்காங்க.”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. மற்ற வீடுகளும் அதையேதான் செய்திருந்தன என்பது அவருக்கும் விளங்கியது. ஆனால் மற்ற வீடுகளில் யாரும் சாமி முன்னால் நின்று சொல்லவில்லை. அவர் சொன்னார். சொன்ன சொல் பொய்யாகி, ஒன்பது வாசலிலும் ஏறி இறங்கி, தட்டில் உட்கார்ந்துகொண்டு அவர் வீட்டுக்கே வந்திருந்தது.

“விடுங்க. யாருக்கும் தெரியாது,” என்றாள்.

“எனக்குத் தெரிஞ்சுபோச்சே.”

எழுந்தார். கோட்டின் பொத்தானைப் போட்டார். தட்டைக் கையில் எடுத்தார்.

“எங்க கெளம்பிட்டீங்க?”

“கோயிலுக்கு. சாயந்தரப் பூசைக்கு எல்லாரும் வருவாங்க.”

“மானத்தக் கப்பலேத்தாதீங்க. ஒங்களக் கும்புடுறேன்.”

“அது காலையிலயே ஏறிருச்சு. நாமளே போயி ஏத்தி அனுப்புனா கொஞ்சம் மரியாதையாப் போகும்.”

கோயிலுக்குப் போகும் வழி பத்தாம் வீட்டைத் தாண்டித்தான் போகிறது. தன் தட்டு திரும்பி வருவதைக் காளியாயி தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

“என்னா மூர்த்தி, பிடிக்கலயா?”

“அக்கா, இது எங்க வீட்டு அதிரசம். லெட்சுமி சுட்டது.”

காளியாயி தட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு இஸ்தோப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வெற்றிலை சிதறச் சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உள்ள வா, ஒக்காரு” என்றார்.

“வேணாம். கோயிலுக்குப் போறேன். எல்லார் முன்னாலயும் சொல்லணும். எழுபத்திநாலுலகூட எங்கம்மா...”

“அந்தப் பேச்ச விடு மூர்த்தி.”

“ஏன் விடணும்?”

“விடுன்னா விடேன்.”

“ஏன்?”

காளியாயி கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“அந்தத் தட்டுல என்னா இருந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?”

“கெழங்கு. அவிச்ச வத்தாளங்கெழங்கு.”

“யாரு வீட்டுக் கெழங்கு?”

கணேசமூர்த்தி கையிலிருந்த தட்டைப் பார்த்தார்.

“எங்க வீட்டுது. ஒங்க வீட்டுல ரெண்டு நாளா அடுப்பு பொகையலனு தெரிஞ்சு, மொத நாளு நான்தான் பின்பக்கமாப் போயி ஒங்கம்மா மடியில போட்டுட்டு வந்தேன். தீவாளி அன்னக்கி நீ தட்டத் தூக்கிட்டு வர்ற. முடிச்ச அவுத்துப் பாக்குறேன், நான் குடுத்த கெழங்குல பாதி. அழகா அவிச்சு, தோலு உரிச்சு, மேல ஒரு செவ்வந்திப் பூ வச்சிருந்தாங்க. நீங்க எத்தன பேரு அந்த வீட்டுல பசியோட இருந்தீங்க! நான் பேசாம வாங்கித் தின்னேன். எம் புருசனுக்குக்கூடச் சொல்லல. இன்னக்கி ஒங்கிட்டதான் சொல்றேன்.”

கணேசமூர்த்தி தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். அந்த நாளில் தன் வயிறு பசித்ததா என்று நினைத்துப் பார்த்தார். பசித்திருக்கும். லயத்தில் நடந்தபோது ஏந்திய தட்டின் கனமும், அது சூடாக இருந்ததும்தான் நினைவுக்கு வந்தன. அம்மாவின் விரல்கள் முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்ததும்.

“அதுதான் அவுக்க வேணாம்னு சொன்னாங்க,” என்றார்.

கோயிலை நோக்கி நடந்தார். காளியாயி கம்பை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. சாயந்தரப் பூசைக்கு இந்தத் தடவை லயம் முழுவதுமே வந்திருந்தது. ஜெயலெட்சுமியும் வந்து பெண்கள் பக்கம் நின்றாள், முகத்தைத் தூக்கவில்லை. தீபம் காட்டி முடிந்ததும் கணேசமூர்த்தி முன்னால் வந்து, தட்டைத் திறந்து, எல்லாரும் பார்க்கும்படி பிடித்தார்.

“ரெண்டு வாரத்துக்கு முந்தி இதே எடத்துல ஒரு சொல்லு சொன்னேன். ஒம்பது வீட்டுக்கும் எங்க அடுப்புல சுட்டதுதான் வரும்னு. அப்படி வரல. எங்க வீட்டுல சுட்டது இந்த ஒரு தட்டு. மத்த எட்டும் ஒங்க வீட்டுப் பலகாரந்தான். எம் பொண்டாட்டி மேல தப்பு இல்ல. வீட்டுல என்னா இருக்குனு பாக்காமப் பேசுனது நான். அத ஒங்களுக்குச் சொல்லணும். சொல்லிட்டேன்.”

யோகேஸ்வரன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

“ஐயா, அந்தக் கறுப்பு அதிரசம் எங்க வீட்டுக்கும் வந்துச்சு. நாங்க...” பிரியந்தி அவன் முழங்கையைக் கிள்ளினாள். அவன் நிறுத்தவில்லை. “கிள்ளாதடி. நாங்களும் அப்படியே அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட்டோம் ஐயா. பயத்தம் உருண்டை மட்டுந்தான் இவ செஞ்சது.”

“முறுக்கு என்னுது,” என்றாள் நாகலெட்சுமி. “ஒரே அச்சுதான். என் அச்சு.”

பின்னால் யாரோ அடக்கமுடியாமல் சிரித்தார்கள். ஏழாம் வீட்டுக்காரி, தன் வீட்டு முறுக்கு என்று சொல்லி நாகலெட்சுமிக்கே அவள் முறுக்கைக் கொடுத்ததை ஒப்புக்கொண்டாள். “நான் கேட்டேனே, ‘என்னாடி ஓமம் போட்டியா’னு, ‘ஆமாக்கா’ன்னியே!” என்று நாகலெட்சுமி கத்தினாள். பத்து வீட்டில் பலகாரத்துக்கு அடுப்பு மூட்டியது மூன்றே வீடு என்பது அப்படித்தான் தெரிய வந்தது.

“நான் ஒண்ணுமே சுடலப்பா,” என்றார் காளியாயி.

“பாகு பதம் எல்லாருக்கும் கைகூடாதுன்னீங்களேக்கா,” என்றார் கணேசமூர்த்தி.

கோயில் மண்டபமே சிரித்தது. அவர் முகத்திலும் ஏதோ ஒன்று தளர்ந்தது; முதுகு மட்டும் அப்படியே நின்றது. ஜெயலெட்சுமி வந்து தட்டை வாங்கி, ஏழு அதிரசத்தையும் விண்டு விண்டு எல்லார் கையிலும் வைத்தாள். காலையிலிருந்து ஊர் சுற்றிய அதிரசம் கடைசியில் வாய்க்குள் போனது. யோகேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டு தின்றான். “இதத் தெரியாமத் தள்ளிவிட்டோமே,” என்றான்.

கணேசமூர்த்தி கையைத் தட்டினார்.

“தட்டு நிக்காது. ஆனா அடுத்த வருஷத்துலருந்து ஒரே தட்டு. வருஷத்துக்கு ஒரு வீடு சுடட்டும். பத்து வீட்டுக்கும் அது நடக்கட்டும். ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டு அடுத்த வீட்டுக்குக் குடுத்தாப் போதும். அடுத்த வருஷம் மொதத் தட்டு எங்க...”

அங்கே நின்றுவிட்டார். பெண்கள் பக்கம் திரும்பினார். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் நாலு பேர் முன்னால் அவர் அப்படித் திரும்பியதில்லை.

“முடியுமா லெட்சுமி?”

ஜெயலெட்சுமி மனதுக்குள் அரிசியையும் எண்ணெயையும் விறகையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். அவர் காத்திருந்தார். எல்லாரும் காத்திருந்தார்கள்.

“ஒரு தட்டுன்னா முடியுங்க,” என்றாள்.

“அப்படினா எங்க வீடு,” என்றார்.

அது எப்படி, நாங்கள் சுடமாட்டோமா என்று நாகலெட்சுமி சண்டைக்கு வந்தாள். முறை எந்த வீட்டிலிருந்து எண்ணுவது என்பதில் யோகேஸ்வரனுக்கும் ஏழாம் வீட்டுக்கும் வாக்குவாதம் வந்தது. பூசாரி நடையைச் சாத்தும் வரை அது ஓயவில்லை.

கீழ்ப் பிரிவில் ஒரு பேச்சு உலவுகிறது. கணேசமூர்த்தி அன்று கோயிலில் எல்லார் முன்னாலும் மனைவியைக் கேவலப்படுத்திவிட்டார், அவள் மறுநாளே துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வட்டவளையில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள் என்று மஸ்கெலியாக் கடைத்தெரு வரைக்கும் சொல்கிறார்கள். அது பொய். வட்டவளைக்கு இருவரும் சேர்ந்துதான் போனார்கள். தங்கையின் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மூன்றாம் நாள் இருவரும் சேர்ந்தே திரும்பினார்கள். துணிப்பையைத் தூக்கியவர் கணேசமூர்த்தி.